எண்ணெயின் நிறமும் எஞ்சினின் ஆயுளும்

நம் அங்கத்தினருள் பலர் ஆயில் எஞ்சின், டிராக்டர், ஜெனரேட்டர் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றைச் சொந்தமாகவோ, வாடகைக்கோ உபயோகித்து வருகின்றனர். 1990 முதல் விவசாய மின் இணைப்புகளுக்குக் கட்டணமில்லை என்று ஆனபின் கிணற்றுமேட்டு ஆயில் எஞ்சின்கள் குறைந்துவிட்டன என்பது உண்மையே. ஆயினும் மின் இணைப்பு இல்லாத இடங்களிலும், வாய்க்காலிலிருந்தும் வடிகாலிலிருந்தும் நீர் இறைக்க வேண்டிய சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் கடைமடைப் பகுதிகளிலும் அவற்றின் உதவி இன்னும் தேவைப்படுகிறது. நெசவாளர் வீடுகளிலோ, மின்சாரம் நின்றால் கைகொடுக்கும் ஜெனரேட்டரும், அன்றாடம் ஓடும் மோட்டார் சைக்கிளும் உண்டு.

இவ்வெஞ்சின்கள் அனைத்திற்கும் பொதுவான கேள்வி ஒன்று உண்டு. உள்ளே ஊற்றிய மசகு எண்ணெயை எப்பொழுது மாற்றுவது? "எண்ணெய் கறுத்துவிட்டது, இனி ஆகாது" என்று சிலர் சில நாட்களிலேயே கொட்டிவிடுகின்றனர். "இன்னும் வழவழப்பாகத்தானே இருக்கிறது" என்று வேறு சிலர் ஆண்டுக்கணக்கில் ஓட்டுகின்றனர். ஆயுத பூசைக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்ற வழக்கமும் பலரிடம் இருக்கிறது. முதல்வர் எண்ணெயின் விலையை வீணாக்குகிறார். மற்ற இருவரும் எஞ்சினையே இழக்கக்கூடும். கண்ணால் கண்ட நிறத்தையும் விரலால் தொட்ட வழவழப்பையும் மட்டும் கொண்டு தீர்ப்புச் செய்வதே இம்மூவருக்கும் நேரும் பிழை. ஆகையால் எண்ணெயின் தன்மையையும், அதன் காலம் முடிந்ததை அறியும் வழிகளையும் இங்கே சற்று விரிவாகக் கூறுவோம்.

எண்ணெய் செய்யும் வேலைகள்

உலோகத்தோடு உலோகம் உராயாமல் இடையில் மெல்லிய படலமாக நிற்பது எண்ணெயின் முதல் வேலை. அதனோடு வேறு வேலைகளும் உண்டு. பிஸ்டனிலும் பேரிங்குகளிலும் உண்டாகும் வெப்பத்தை வாங்கிக்கொண்டு வருவது, பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டர் சுவருக்கும் உள்ள நுண்ணிய இடைவெளியை அடைப்பது, டீசல் எரிவதால் உண்டாகும் கரியை ஓரிடத்தில் படியவிடாமல் தன்னுள் மிதக்கவிட்டுச் சுமப்பது, எரிபொருளிலுள்ள கந்தகத்தால் தோன்றும் அமிலத்தை முறிப்பது, துருவைத் தடுப்பது ஆகியவை அவை.

பூமியிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த எண்ணெய் தனியே இவ்வளவையும் செய்ய வல்லதன்று. அதற்காக அதனுடன் பல மருந்துப் பொருள்களைச் சேர்க்கின்றனர். அழுக்கைக் கழுவும் பொருள், கழுவிய அழுக்கைத் திரளவிடாமல் பிரித்து வைக்கும் பொருள், அமிலத்தை முறிக்கும் காரப்பொருள், தேய்மானத்தைக் குறைக்கும் பொருள் என்பன அவற்றுள் முக்கியமானவை. எண்ணெய் ‘பழையதாகிவிட்டது’ என்று சொல்லும்போது பெரும்பாலும் இப்பொருள்கள் செலவழிந்து போயின என்பதே அதன் கருத்து. அடிப்படை எண்ணெய் அவ்வளவு விரைவில் அழிவதில்லை.

கறுப்பு குற்றமன்று

அழுக்குத் துணியைச் சவுக்கார நீரில் ஊறவைத்தால் நீர் கறுத்துப் போகிறது. சவுக்காரம் கெட்டுவிட்டது என்று அதைக் கண்டு யாரும் கூறுவதில்லை. துணியை விட்டு அழுக்கு நீங்கியது என்றே மகிழ்கிறோம். எஞ்சின் எண்ணெயின் செய்தியும் அத்தகையதே. டீசல் எஞ்சினில் புதிய எண்ணெய் ஊற்றிச் சில மணி நேரம் ஓட்டிய அளவிலேயே அது கறுப்பது இயல்பு. கரியை உட்புறத்தில் படியவிடாமல் எண்ணெய் தன்னிடம் வாங்கிக் கொண்டது என்பதையே அது காட்டுகிறது.

சவுக்காரத்தின் வலிமை தீர்ந்தபின் அதே நீரில் மேலும் துணிகளை நனைத்தால், நீங்கிய அழுக்கு மீண்டும் துணியின் மீதே படிகிறது. சாயமிட்ட நூலை அலசிப் பழகிய நம் நெசவாளர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. எண்ணெயிலும் இவ்வாறே. கரியைப் பிரித்து வைக்கும் பொருள் தீர்ந்ததும் கரி திரண்டு கசடாகிறது; கசடு எண்ணெய்த் துவாரங்களை அடைக்கிறது; பேரிங்கிற்கு எண்ணெய் போய்ச் சேராமல் எஞ்சின் பிடித்துக் கொள்கிறது. வலிமை மிஞ்சியிருக்கும் எண்ணெயும் கறுப்புத்தான். வலிமை தீர்ந்த எண்ணெயும் கறுப்புத்தான். இரண்டையும் நிறத்தால் வேறுபடுத்த முடியாது. விரலிடுக்கில் தேய்த்துப் பார்ப்பதாலும் இவ்வேறுபாடு புலப்படாது.

மணிக்கணக்கே முதல் அளவுகோல்

எஞ்சினைச் செய்தவர்கள் தங்கள் கையேட்டில் எத்தனை மணி ஓடியபின் எண்ணெயை மாற்ற வேண்டும் என்பதைக் குறிப்பிட்டிருக்கின்றனர். இக்காலத்து டிராக்டர்கள் பலவற்றிற்கு 250 மணி என்பது வழக்கமான கெடு. புதிய எஞ்சினில் உலோகப் பாகங்கள் ஒன்றோடொன்று பழகும் காலத்தில் பொடி மிகுதியாக உதிருமாதலால், முதல் மாற்றத்தை மிக முன்னதாக, பெரும்பாலும் 50 மணியளவிலேயே செய்துவிடச் சொல்கின்றனர். பழைய வகை எஞ்சின்களுக்குக் கெடு இன்னும் குறைவாக இருக்கலாம். தத்தம் எஞ்சினின் கையேடு கூறுவதே இதில் முடிவானது.

250 மணி என்பது எவ்வளவு ஓட்டம்? மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் ஒரு வண்டி அத்தனை நேரத்தில் 10,000 கிலோமீட்டர் போய்விடும். நீர் இறைக்கும் எஞ்சினோ நின்ற இடத்திலேயே நிற்பதால், அது ஓடிய தூரம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. நாளொன்றுக்கு 10 மணி வீதம் 25 நாட்கள் இறைத்தால் 250 மணி முடிந்துவிடும். ஆயுத பூசைக்கு ஆயுத பூசை மாற்றுகிறவரின் எஞ்சின் ஒரே பருவத்தில் இரண்டு மூன்று கெடுக்களைக் கடந்துவிடக் கூடும் என்பதை இக்கணக்கிலிருந்து காணலாம்.

2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபோது மின் கம்பங்கள் பெருந்தொகையாகச் சாய்ந்தன. பல கிராமங்களுக்கு நெடுநாள் மின்சாரம் வரவில்லை. குடிநீர்த் தொட்டிகளை நிரப்பவும் விளக்கெரிக்கவும் ஜெனரேட்டர்களே உதவின. அத்தகைய சமயத்தில் ஓர் எஞ்சினை இரவு பகலாக ஓட்டினால், பத்தே நாட்களில் 240 மணி ஆகிவிடுகிறது. ஆண்டு முழுவதும் ஓடாமல் கிடந்த எஞ்சின், ஆபத்து வேளையில் ஒரு பருவத்து உழைப்பைப் பத்து நாட்களில் செய்து முடிக்கிறது. அப்பொழுது நாட்காட்டியைப் பார்த்து எண்ணெய் மாற்ற நினைப்பவர் ஏமாந்து போவார்.

மணிமானி இல்லாத பழைய எஞ்சின்களுக்குக் கணக்கு எப்படி வைப்பது என்ற ஐயம் எழலாம். அதற்கு எளிய வழி உண்டு. ஒருநாள் டீசலை அளந்து ஊற்றி, ஒரு மணி நேரத்திற்கு எவ்வளவு செலவாகிறது என்று பார்த்துக் கொள்ள வேண்டும். மணிக்கு 1 லிட்டர் என்று கண்டால், 20 லிட்டர் கேன் ஐந்து தீர்ந்தபோது 100 மணி ஓடியிருக்கிறது என்று கொள்ளலாம். கொட்டகைச் சுவரில் கேனுக்கு ஒரு கோடு கிழித்து வைத்தாலும் போதும்.

கெடு வருமுன்பே மாற்ற வேண்டிய சமயங்கள்

சாதாரண நிலைமைக்காகவே கையேட்டின் கெடு வகுக்கப்பட்டது. நிலைமை மாறினால் கெடுவும் சுருங்கும். நம் ஜில்லாவிலேயே இருவகை நிலங்களைக் காண்கிறோம். பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் பக்கத்துச் செம்மண் பூமியில் கோடையில் உழும் டிராக்டர் புழுதியை விழுங்குகிறது. காற்று வடிகட்டி சரியாக இல்லாவிடில் அப்புழுதி உள்ளே சென்று எண்ணெயோடு கலந்து, உப்புத்தாளைப்போல் சிலிண்டரைத் தேய்க்கும். அங்கே எண்ணெயைக் கவனிப்பதற்கு முன் காற்று வடிகட்டியைக் கவனிக்க வேண்டும். கிழக்கே கொள்ளிடம், வீராணம் பாசனப் பகுதிகளிலும் கடற்கரையோரத்திலும் புழுதியைவிட நீரே பெரிய பகை.

பின்வரும் குறிகளுள் ஏதேனும் ஒன்று தோன்றினால், கெடு எத்தனை மணி மிச்சமிருந்தாலும் எஞ்சினை நிறுத்திக் காரணத்தைத் தேட வேண்டும்.

முதலாவது, எண்ணெய் பால் கலந்த காப்பிபோல் வெளுத்துக் குழம்புவது. நீர் உள்ளே புகுந்ததற்கு இது சாட்சி. நீரால் குளிரும் எஞ்சினாயின் ஹெட் காஸ்கெட் பழுதாகியிருக்கலாம்.

இரண்டாவது, அளவுகோலில் எண்ணெயின் மட்டம் ஏறுவது. எண்ணெய் தானாகப் பெருகாது. டீசலோ நீரோ உள்ளே இறங்குகிறது என்றே பொருள். டீசல் வாடை மிகுந்து எண்ணெய் நீர்த்திருந்தால் நாசிலையும் டீசல் பம்பையும் சோதிக்க வேண்டும். மட்டம் ஏறியதைக் கண்டு, "நம் எஞ்சின் எண்ணெயே குடிப்பதில்லை" என்று மகிழ்வது பேதைமை.

மூன்றாவது, அளவுகோலைத் துடைத்த துணியில் நறநறப்போ மின்னும் உலோகப் பொடியோ தென்படுவது. பேரிங் தேயத் தொடங்கிவிட்டது என்பதன் அறிகுறி இது. இதற்கு எண்ணெய் மாற்றுவது மட்டும் பரிகாரம் ஆகாது.

நான்காவது, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் வழக்கத்தைவிடத் தாழ்ந்து நிற்பது, அல்லது சிவப்பு விளக்கு எரிவது. இந்நிலையில் இன்னும் ஒரு பாத்தி இறைத்துவிட்டு நிறுத்தலாம் என்று எண்ணுவது எஞ்சினைப் பணயம் வைப்பதாகும்.

மட்டம் குறைவது தனிச் செய்தி. ஓரளவு குறைவது இயல்பு. குறைந்ததை அதே வகை எண்ணெயால் நிரப்பிவிடலாம். விரைவாகக் குறைந்தால் கசிவையோ பிஸ்டன் வளையத் தேய்மானத்தையோ பார்க்க வேண்டும். நிரப்பிக்கொண்டே வந்தால் மாற்ற வேண்டியதில்லை என்று சிலர் கருதுகின்றனர். புதிதாகச் சேர்ந்த எண்ணெய் சிறிது வலிமையைத் தரும். ஆனால் பழைய கரியும் பொடியும் உள்ளேயே தங்கிவிடுகின்றன.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சின்

2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையில் கடலூர்க் கடற்கரையோரப் படகுகளின் எஞ்சின்கள் உப்பு நீரில் அகப்பட்டன. 2015 நவம்பர், டிசம்பர் மாதங்களின் பெருமழையில் நம் பகுதியின் வயல்களும் தெருக்களும் வெள்ளத்தில் ஆழ்ந்தன. இத்தகைய வெள்ளம் மீண்டும் வராது என்று சொல்வதற்கில்லை. மூழ்கிய எஞ்சினை, ஓடுகிறதா பார்ப்போம் என்று உடனே கிளப்புவது பெருந்தவறு. சிலிண்டரில் நிற்கும் நீர் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும்.

முதலில் எண்ணெய் முழுவதையும் வடித்துவிட வேண்டும். கடல் நீராயின் நல்ல நீரால் வெளிப்புறத்தைக் கழுவ வேண்டும். டீசல் தொட்டியில் நீர் இருந்தால் அதையும் வடிக்க வேண்டும். நாசிலைக் கழற்றிவிட்டு, கையால் மெதுவாகச் சுழற்றிச் சிலிண்டரில் உள்ள நீரை வெளியேற்ற வேண்டும். காற்று வடிகட்டியையும் சுத்தம் செய்து, எண்ணெய் வடிகட்டியை மாற்றி, புதிய எண்ணெய் ஊற்றிச் சிறிது நேரம் மட்டும் ஓட்டி, சூடு ஆறுமுன் அந்த எண்ணெயையும் வடித்து மீண்டும் புதிது ஊற்ற வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் துரு முந்திக்கொள்ளும். உப்பு நீரில் அது இன்னும் விரைவு. மோட்டார் இணைந்த எஞ்சினுக்கும் ஜெனரேட்டருக்கும் மின்சார வேலை அறிந்தவரையே அழைக்க வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடிய ஒரு சோதனை

வெதுவெதுப்பாக உள்ள எஞ்சினின் அளவுகோலிலிருந்து ஒரு சொட்டு எண்ணெயை மையொற்றுத் தாளிலோ, வடிகட்டும் தாளிலோ விழச்செய்து, தாளைச் சமமாக வைத்து ஒரு நாள் விட்டுவிட வேண்டும். கரி நடுவிலிருந்து வெளிப்புறம் வரை சீராகப் பரவி நிறம் படிப்படியாக மங்கினால், பிரித்து வைக்கும் பொருள் இன்னும் வேலை செய்கிறது. நடுவில் அடர்ந்த கறுப்புப் பொட்டாக நின்று, அதன் விளிம்பு வரைந்தாற்போல் கூர்மையாக இருந்தால் அதன் வலிமை தீர்ந்தது. புதிய எண்ணெயின் சொட்டு, 100 மணி ஓடியதன் சொட்டு, 200 மணி ஓடியதன் சொட்டு என ஒரே தாளில் வரிசையாக இட்டு, பக்கத்தில் தேதி எழுதி வைத்தால் ஒப்பிட்டுப் பார்ப்பது எளிது.

இச்சோதனைக்கு எல்லை உண்டு என்பதையும் மறத்தலாகாது. கரியைப் பற்றி இது சொல்லும். உலோகத் தேய்மானத்தைப் பற்றித் திட்டமாகச் சொல்லாது. அதற்கு ஆய்வுக்கூடம் வேண்டும். 1940களிலேயே அமெரிக்காவின் இரயில்வேக்கள் டீசல் எஞ்சின்களின் பழைய எண்ணெயை ஒளிப்பிரிகை முறையில் ஆராயத் தொடங்கின. இரும்பு மிகுந்தால் சிலிண்டரோ வளையமோ தேய்கிறது, செம்பும் ஈயமும் மிகுந்தால் பேரிங் தேய்கிறது, மணற்சத்து மிகுந்தால் புழுதி புகுகிறது என்று, எஞ்சினைப் பிரிக்காமலே அறிந்தனர். நம் நாட்டு இரயில்வேயின் டீசல் பணிமனைகளிலும் இம்முறை கையாளப்பட்டது. ஆனால் ஒரு சிறிய ஆயில் எஞ்சினுக்கு ஆய்வுக் கட்டணம் கொடுப்பதைவிட, கெடுவில் எண்ணெயை மாற்றிவிடுவதே சிக்கனம்.

எண்ணெயைத் தேர்ந்தெடுப்பதும் மாற்றுவதும்

டப்பாவின் மீது காணும் 40 என்றோ 15டபிள்யூ-40 என்றோ உள்ள எண், எண்ணெயின் தடிப்பைக் குறிப்பது. அமெரிக்க மோட்டார் எஞ்சினியர்கள் சங்கம் 1911இல் வகுத்த முறையிலிருந்து வளர்ந்தது இது. 15டபிள்யூ-40 என்றால் குளிரில் 15 டபிள்யூ தரத்துக்குரிய இளக்கத்தோடும், சூட்டில் 40 தரத்துக்குரிய தடிப்போடும் நிற்பது என்பது பொருள். தடிப்பான எண்ணெய் எல்லாம் உயர்ந்த எண்ணெய் என்பது தவறான அபிப்பிராயம். எண்ணோடு கூடவே டீசல் எஞ்சினுக்குரிய தரக்குறியும் டப்பாவில் இருக்கும். கையேட்டில் உள்ள எண்ணும் குறியும் டப்பாவில் உள்ளனவும் ஒத்திருக்க வேண்டும்.

மாற்றும்போது எஞ்சினைச் சிறிது நேரம் ஓட்டிச் சூடேற்றி நிறுத்த வேண்டும். சூடான எண்ணெயோடு கசடும் வந்துவிடும். சமதளத்தில் நிறுத்தி முழுவதும் வடியவிட்டு, வடிகட்டியையும் மாற்றி, புதிய எண்ணெயை மேல் கோட்டைத் தாண்டாமல் ஊற்ற வேண்டும். பின் ஐந்து நிமிடம் ஓட்டி, நிறுத்தி, சற்றுப் பொறுத்து மட்டத்தை மீண்டும் பார்க்க வேண்டும். பருவம் முடிந்து எஞ்சினைப் பல மாதங்கள் ஓட்டாமல் வைப்பதாயின், மாற்றிவிட்டு வைப்பதே முறை. அமிலம் கலந்த பழைய எண்ணெய் உள்ளே கிடந்தால் சும்மா இருக்கும் எஞ்சினையும் அது அரிக்கும். மணி நிறையாவிடினும் ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நலம். ஆயுத பூசை வழக்கத்தை இந்த அளவில் வைத்துக் கொள்வோருக்கு அது நன்மையே.

வடித்த எண்ணெயை வாய்க்காலிலோ நிலத்திலோ கொட்டுவது நம் கிணற்றையே கெடுத்துக் கொள்வதாகும். அதில் உடலுக்குத் தீங்கு செய்யும் பொருள்கள் சேர்ந்திருக்கின்றன. தோலில் நெடுநேரம் படவிடலாகாது. 2016ஆம் ஆண்டின் அபாயகரமான கழிவுகள் விதிகளின் கீழ் இதுவும் அடங்கும். மூடியுள்ள கேனில் சேர்த்து வைத்து, அனுமதி பெற்ற சேகரிப்பவரிடம் ஒப்படைப்பதே முறை. தனித்தனியே செய்வது கடினம். சங்கத்தில் ஒரு பீப்பாய் வைத்தால் எளிதாகும்.

சங்கத்தின் எஞ்சினுக்குச் சங்கத்தின் கணக்கு

சொந்த எஞ்சினைவிட, பொது எஞ்சினுக்கே இவ்விஷயத்தில் ஆபத்து மிகுதி. சங்கத்தின் டிராக்டரை இன்று ஒருவர் ஓட்டுவார், நாளை மற்றொருவர் ஓட்டுவார். எண்ணெய் எப்பொழுது மாற்றினோம் என்று கேட்டால் முன்னவர் மாற்றியிருப்பார் என்று பின்னவர் நினைப்பார். பின்னவர் மாற்றுவார் என்று முன்னவர் நினைத்திருப்பார். சம்பா அறுவடை நடுவில் அந்த எஞ்சின் நின்றுபோனால், கிராங்க் ஷாப்ட் பழுதின் செலவு சங்கத்தின் தலையிலும், கதிர் சாய்ந்த நஷ்டம் அங்கத்தினர் தலையிலும் விழும்.

இதற்கு வேண்டிய கணக்கில் பெரும்பகுதி ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. டிராக்டரை மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் சங்கங்களின் ரசீதுப் புத்தகத்தில், எத்தனை மணி ஓடியது என்பது ஒவ்வொரு தாளிலும் எழுதப்பட்டுள்ளது. பணத்தைக் கூட்டும்போது மணியையும் கூட்டினால், கெடு வந்ததைக் காரியதரிசி மேசையிலிருந்தே அறியலாம். வயலுக்குப் போய்வரும் நேரம் வாடகையில் சேராதாகையால், மாதம் ஒருமுறை மணிமானியோடு ஒத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். நெசவாளர் சங்கத்தில் நூல் கொடுத்ததையும் துணி பெற்றதையும் புத்தகத்தில் பதிவது போல, எஞ்சினுக்கும் ஒரு சிறு புத்தகம் வேண்டும். தேதி, மணிமானி காட்டிய எண், ஊற்றிய எண்ணெயின் அளவு, கண்ட குறை, ஓட்டியவர் கையெழுத்து என ஐந்து பத்திகள் அதற்குப் போதுமானவை.

செம்மண்டலம் முதல் சிதம்பரம் வரையுள்ள நம் அங்கத்தினர்கள், அடுத்த பருவத்து உழவு தொடங்குமுன் தத்தம் எஞ்சினின் கையேட்டை எடுத்துக் கெடு எத்தனை மணி என்று பார்த்து, அவ்வெண்ணைப் பெயிண்டால் எஞ்சின் அருகே பளிச்சென எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். கையேடு தொலைந்திருந்தால் விற்பனையாளரிடம் கேட்டுப் பெறலாம். எஞ்சின் புத்தகம் இல்லாத சங்கங்கள், வரும் நிர்வாகக் குழுக் கூட்டத்திலேயே அதைத் தொடங்கத் தீர்மானம் செய்வது நன்று.